படகின் பாரமும் பிறர் கரையும்

நீரின்மேல் மிதப்பன யாவும் இலேசாய் இருத்தலால் மிதக்கின்றன என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். கடலோடிகள் அங்ஙனம் எண்ணுவதில்லை. வெற்றுத் தோணி காற்றுக்கு நடுங்கும். பாரம் ஏற்ற தோணியே நேரே செல்லும் என்பதை அவர்கள் தந்தையர் காலந்தொட்டு அறிவர். பாரம் எவ்வளவு இருத்தல் வேண்டும், அதனை எவ்விடத்தில் வைத்தல் வேண்டும், எப்பொழுது கூட்டிக் குறைத்தல் வேண்டும் என்பனவே படகுத்தொழிலின் பாதி நுணுக்கம். அந்நுணுக்கம் இன்று விளையாட்டொன்றிலும் வாணிகத்திலும் ஒருங்கே வளர்ந்து, வடசென்னையின் கழியோரத்தில் வாழ்வாரைப் பற்றிய ஒரு வினாவாக நம்முன் வந்து நிற்கின்றது. அவ்வினாவைப் பற்றி என் கருத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சின்னாட்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், மாணவர் இருவரோடு இராயபுரம் கடலோரமாக நடந்து கொண்டிருந்தேன். மூத்தவர் தம் கைபேசியில் ஒரு படக்காட்சியைக் காட்டினார். அயல்நாட்டு ஏரியொன்றில் ஒரு விசைப்படகு மெல்லச் செல்கின்றது. அதன் பின்னே மடிந்தெழும் அலையின்மேல் ஓர் இளைஞர், கயிறொன்றும் பற்றாமல், பலகையில் நின்று சறுக்கி வருகின்றார். “ஐயா, காற்றும் வேண்டா, கடலும் வேண்டா; படகே அலையைப் படைத்துத் தருகின்றது. எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டு ஏரியிலும் இதனை ஏன் நடத்தலாகாது?” என்று அவர் வினவினார். நான் விடையிறுக்குமுன், கழியோரத்துக் குப்பமொன்றிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் இளைய மாணவர் மெல்லிய குரலில், “அண்ணா, அந்த அலை எங்கள் வலைமேலன்றோ போய் விழும்?” என்றார். மூவரும் சற்று நேரம் வாளாவிருந்தோம்.

அவ்விரு வினாக்களும் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. முதல் வினா இளமையின் ஊக்கத்திற் பிறந்தது. அதனைப் பழித்தல் தகாது. இரண்டாம் வினா பட்டறிவிற் பிறந்தது. அதனைப் புறக்கணித்தலும் தகாது. இரண்டிற்கும் நேரிய விடை கூறவேண்டுமாயின், அவ்வலை எங்ஙனம் உண்டாகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

வேக்சர்ஃபிங் என்று மேனாட்டார் வழங்கும் இவ்விளையாட்டைப் படகலைச் சறுக்கு என நாம் கூறலாம். சறுக்குவோர் தொடக்கத்தில் மட்டும் ஒரு கயிற்றைப் பற்றி எழுவர். அலையின் சரிவிலே நிலைபெற்றதும் கயிற்றை விட்டுவிடுவர். அவர் படகின் பின்புறத்துக்கு மிக அண்மையில் இருப்பதால், சுழல்விசிறி படகின் அடியிலே உள்ளடங்கியிருக்கும் படகுகளே இதற்கு உரியன. விசிறி பின்னே துருத்தி நிற்கும் படகுகளில் இதனை முயல்வது உயிருக்கே கேடாம். படகின் வேகமோ மிகுதியன்று; மணிக்கு ஏறத்தாழ 16 முதல் 19 கிலோமீட்டர் வரையே. இவ்வேகத்தில் படகு நீரின் மேற்பரப்பில் முற்றும் எழுந்து பறப்பதுமில்லை; அமைதியாக அமர்ந்து செல்வதுமில்லை. அணியம் உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து, நீரை உழுது செல்கின்றது. அவ்வுழவின் சாலே அலையாக எழுகின்றது.

மிதக்கும் பொருள் தன் எடைக்கு ஒத்த நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. ஆதலின் படகின் எடையைக் கூட்டினால் விலகும் நீரும் கூடும், அலையும் பெருகும். இதன்பொருட்டே இப்படகுகளில் தொட்டிகளையும் தடித்த பைகளையும் அமைத்து, ஏரிநீரையே பம்பினால் உள்ளிறைத்து நிரப்புகின்றனர். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம். ஆயிரம் லிட்டர் ஒரு டன். பாரம் தேடி வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. மிதக்கும் நீரே பாரமாகின்றது. வேண்டாதபோது அந்நீரை வெளியே இறைத்துவிடலாம்.

பாரத்தை வைக்கும் இடத்தைப் பொறுத்து அலையின் உருவம் மாறும். பின்புறத்திற் பாரம் மிகின் அலை உயர்ந்தும் செங்குத்தாயும் நீளம் குறுகியும் எழும். அணியத்திற் சிறிது பாரம் சேர்ப்பின் அது தணிந்து நீண்டு வரும். இடப்புறத்து அலையிற் சறுக்க விரும்புவோர் இடப்புறப் பின்மூலையிற் பாரத்தை மிகுவித்துப் படகைச் சற்றே சாய்ப்பது பழைய முறை. இக்காலத்துப் படகுகளில், பின்விளிம்பின் இருபுறமும் அசையும் தகடுகள் உள. இடப்புற அலை வேண்டின் வலப்புறத் தகட்டை நீட்டுவர். அது அப்பக்கத்து நீரைப் புறத்தே தள்ளி, இருபக்க நீரும் ஒன்றுகூடுவதைத் தாமதிக்கச் செய்யும். அதனால் மறுபக்கத்து அலை கலக்கமின்றித் தெளிந்து நிற்கும். இம்முறையிற் படகை மிகவும் சாய்க்க வேண்டுவதில்லை.

தேர்ந்த படகோட்டிகள் கைக்கொள்ளும் ஒழுங்கு எளிது. ஆயினும் பொறுமை வேண்டுவது. படகிலுள்ளார் எங்கே அமர்ந்திருக்கின்றனர் என்பதை முதலிற் பார்ப்பர். ஓராள் இடம் மாறி அமரினும் அலை மாறும். பின்னர்த் தொட்டிகளைப் படிப்படியாய் நிரப்புவர். அதன்பின் வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்பர். ஒருகால் ஒன்றையே மாற்றுவர். இரண்டை ஒருங்கே மாற்றின், விளைந்த நன்மை எதனால் விளைந்தது என்பது புலனாகாது. படகிற் பொறித்துள்ள எடை வரம்பை எந்நிலையிலும் கடவார். எஞ்சின் புகையிலுள்ள நச்சுக்காற்றுப் பின்புறத்தே தங்கும் ஆதலின், படகை ஒட்டிச் சறுக்குவாரை நெடுநேரம் விடார். மிதவைச் சட்டை அணியாதாரை நீரில் இறக்கார். நம் ஆய்வுச்சாலைகளில் ஆசிரியர்கள் வற்புறுத்தும் ஒழுங்கும் இதுவே அன்றோ?

இதுகாறும் கூறியன யாவும் படகின்மேல் நின்று பார்ப்பார்க்கு உரியன. இனிக் கரையின்மேல் நின்று பார்ப்போம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் படகோடு ஆழநீரில் ஒத்தோடும் அலையின் நீளம், முகடு தொட்டு அடுத்த முகடு வரை, ஏறத்தாழ 16 மீட்டர் என்பது பௌதிக மாணவர் எளிதிற் கணக்கிடக்கூடியது. அலையின் அசைவு நீருக்குள் அதன் நீளத்திற் பாதியளவு ஆழம்வரை எட்டும். அஃதாவது ஏறத்தாழ 8 மீட்டர். அதனினும் ஆழம் குறைந்த நீரில் அவ்வலை அடித்தரையைத் தடவிச் செல்லும். மிக ஆழமற்ற இடத்தில் சேற்றைக் கிளறும். மேலும், அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருபடியைப் பொறுத்தது. உயரம் இருமடங்காயின் ஆற்றல் நான்மடங்காம். சறுக்குவார்க்கு அரையடி உயரம் மிகுந்தால் மகிழ்ச்சி சிறிது மிகும். கரைக்கோ அடி பன்மடங்கு மிகும்.

இஃது ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்க நாட்டு மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஏரியிற் படகலைகளை அளந்து 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இத்தகைய படகின் அலை ஏனைய உல்லாசப் படகுகளின் அலையளவுக்குத் தணிவதற்கு 500 அடிக்கு மேற்பட்ட தொலைவு வேண்டும் எனக் கண்டனர். வெர்மான்ட் மாநிலத்தார் 2024-ஆம் ஆண்டில் விதியொன்று வகுத்தனர். கரையிலிருந்து 500 அடி விலகியும், 20 அடிக்குக் குறையாத ஆழத்திலும், போதிய பரப்புள்ள நீரிலுமே இப்படகுகள் அலையெழுப்பலாம் என்பது அவ்விதி. அம்மட்டோடு அவர்கள் அமையவில்லை. ஓர் ஏரிக்கு உரிய படகு அவ்வேரியிலேயே இருத்தல் வேண்டும். வேறேரிக்குக் கொண்டு செல்வதாயின் அதனைத் தூய்மை செய்தல் வேண்டும் என்றும் விதித்தனர். அலைக்கு வரம்பு கட்டியது விளங்குகின்றது. படகின் வயிற்றிலுள்ள நீருக்கும் வரம்பு கட்டியது ஏன்?

பம்பினால் எவ்வளவு இறைப்பினும் தொட்டியின் அடியிற் சிறிது நீர் எஞ்சியே தீரும். அந்நீரில் கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் உள. ஓரேரியின் நீரை மற்றோர் ஏரியில் விடுவது, ஓரேரியின் உயிர்களை மற்றோர் ஏரியிற் குடியேற்றுவதாகும். அமெரிக்கர் இப்பாடத்தைப் பெரும்பொருள் செலவிட்டுக் கற்றனர். கருங்கடல், காசுப்பியன் கடற்பக்கத்துக்கு உரிய வரிச்சிப்பி என்னும் சிறு சிப்பி, 1988-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பேரேரிப் பகுதியிற் காணப்பட்டது. அது கப்பல்களின் வயிற்றுநீரில் வந்தது என்பது அறிஞர் துணிபு. சில ஆண்டுகளில் அது நீர்க்குழாய்களை அடைத்தது; உள்ளூர்ச் சிப்பிகளை அழித்தது. இன்றும் அதனை ஒழிக்க வழியில்லை. விளையாட்டுப் படகும் வாணிகக் கப்பலும் ஒரே பாரத்தைச் சுமக்கின்றன என்பது இங்கே புலனாகும்.

நிற்க. வாணிகக் கப்பலுக்குப் பாரம் எத்துணை இன்றியமையாதது என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். சுவீடன் நாட்டு மன்னர் பெருமிதத்தோடு கட்டுவித்த வாசா என்னும் போர்க்கப்பல், 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறையிலிருந்து முதற்பயணம் புறப்பட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவும் செல்லாமுன் ஒரு காற்றுக்குச் சாய்ந்து மூழ்கிற்று. மேலே பீரங்கிகளின் எடை மிகுதி; அதனை ஈடுசெய்யக் கீழே பாரம் போதவில்லை. அக்காலத்துக் கப்பல்கள் கல்லையும் மணலையும் அடிப்பாரமாக இட்டன. இரும்புக் கப்பலும் நீராவிப் பம்பும் வந்தபின் கடல்நீரே பாரமாயிற்று. சரக்கிறக்கிய கப்பல் நீரை ஏற்றிக்கொள்ளும். சரக்கேற்றும் துறையை அடைந்து அந்நீரை இறக்கிவிடும். இன்று பெருங்கப்பலொன்று பல்லாயிரம் டன் நீரை இங்ஙனம் நாடு விட்டு நாடு கொண்டு செல்லவல்லது. இதனைப் பாரநீர் என்போம்.

இப்பாரநீரின் கதை நம் வாயிலிலேயே நடந்து கொண்டிருக்கின்றது. கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழி, இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் தொட்டிலாய் இருந்தது. இக்கழியின் வடபால் 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் தொடங்கிற்று. அதுவே இப்பொழுது காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றுள்ளது. அதனை அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் எழுந்தது. அண்மை ஆண்டுகளில் இக்கழியிலும் பழவேற்காட்டுப் பக்கத்திலும் கருநிறச் சிப்பியொன்று அடித்தரை முழுவதும் பாய் விரித்தாற்போலப் பரவியுள்ளது. மீனவர் இதற்குக் ‘காக்கா ஆழி’ எனப் பெயரிட்டனர். மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா என்பது அறிவியலார் வழங்கும் பெயர். இதன் பிறப்பிடம் நடு அமெரிக்க, தென்னமெரிக்கக் கடற்கரைகள். சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டில் இது முதன்முதற் காணப்பட்டது. கேரளத்துக் காயல்களில் இருப்பது 2019-ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. உவர்நீரும் நன்னீரும் கலந்து மாறும் இடத்திலும் இது வாழவல்லது, விரைந்து பெருகவல்லது. பாரநீரில் நுண்குஞ்சுகளாகவோ கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியோ கடல் கடந்திருத்தல் வேண்டும் என்பது அறிஞர் கருத்து. தானே நீந்திப் பெருங்கடலைக் கடந்து வரவல்லதன்று அது.

இறால் சேற்றிற் புதைந்து வாழும் இயல்பினது. சேற்றின்மேல் சிப்பிப்பாய் படர்ந்தபின் அது புதைவது எங்கே? கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்போர் பலர் நம் அண்டை ஊர்களில் உளர். அவர்தம் கைகளையும் கால்களையும் அச்சிப்பி கிழிக்கின்றது. உள்ளூர்ச் சிப்பி இனங்களும் இடமிழந்து வருகின்றன. இவ்வழக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. நம்முடன் நடந்த இளைய மாணவரின் தாய்மாமன் இக்கழியிற் கைகளால் இறால் பிடிப்பவர். “மாமா முன்பு கழியைத் தாய்வீடு என்பார், இப்பொழுது துணி சுற்றாமற் கையை உள்ளே விட அஞ்சுகின்றார்” என்று அம்மாணவர் கூறியது இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது. எங்கோ ஒரு துறையில், எவரோ ஒருவர், தம் கப்பல் நேரே நிற்றற்பொருட்டு ஒரு குழாயைத் திறந்தார். அதன் விளைவு இம்மனிதரின் உள்ளங்கையில் எழுதப்பட்டிருக்கின்றது.

இதற்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகக் கடல்வாணிக அமைப்பின் சார்பில் பாரநீர் உடன்படிக்கையொன்று எழுதப்பட்டு, 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முதற்படியாக, துறைமுகத்து நீரைக் கரையிலிருந்து 200 கடல்மைலுக்கு அப்பால், 200 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும் என விதித்தனர். ஆழ்கடலுயிர் கழிமுகத்தில் வாழாது. கழிமுகத்துயிர் ஆழ்கடலில் வாழாது என்பது அதன் கருத்து. அடுத்த படியாக, வடிகட்டியாலும் புறஊதா ஒளியாலும் குளோரினாலும் நீரைத் தூய்மை செய்யும் கருவிகளைக் கப்பலிலேயே அமைத்தல் வேண்டும் என்றனர். ஒரு கன மீட்டர் நீரில் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கும் அதற்கு மேற்பட்டும் பருத்த உயிர்கள் பத்துக்குக் குறைவாகவே உயிரோடு இருத்தல் வேண்டும். நீரை எங்கே ஏற்றினர், எங்கே இறக்கினர் என்பதற்கு ஒவ்வொரு கப்பலிலும் ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். விதி நன்று. ஆயின் காக்கா ஆழி விதிப்புத்தகத்தை வாசிப்பதில்லை. விதியைக் காக்கும் கண்கள் வேண்டும்.

தன் வசதிக்காக நீரைத் திருத்துவோர், திருத்திய நீர் எங்கே சென்று சேரும் என்பதை மறந்துவிடும் இவ்வழக்கம் வடசென்னைக்குப் புதியதன்று. சென்னையிற் செயற்கைத் துறைமுகம் இல்லாத நாளில், கடலிலே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளும் சரக்கும் மசூலாப் படகுகளில் ஏறிக் கரை சேர்ந்தன. ஆணி அறையாது கயிற்றாற் பலகைகளைத் தைத்த அப்படகு, அலையோடு பொருதாமல் வளைந்து கொடுத்தது. 1875-ஆம் ஆண்டில் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர். 1881-ஆம் ஆண்டுப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது. பின்னர் மீண்டும் கட்டினர். அச்சுவர்கள் அலையைத் தடுத்தன. அலையோடு வடக்கு நோக்கிச் செல்லும் மணலையும் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை தேய்ந்தது. இன்று அவ்வழியே செல்வோர் காணும் கருங்கற் குவியல்கள் அவ்விழப்பின் சாட்சிகள். தெற்கே உலாவச் செல்வோர் அம்மணலின் ஒரு பகுதி எவர் வாயிலுக்கு உரியது என்பதை நினைப்பதில்லை.

இங்ஙனம் கூறுதலால், துறைமுகத்தையும் வாணிகத்தையும் விளையாட்டையும் நான் வெறுப்பதாக எவரும் கொள்ளற்க. துறைமுகத்தால் உண்டு வாழும் குடும்பங்கள் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் எண்ணற்றன. நம் மாணவர் பலரின் கல்விக்கட்டணம் அங்கிருந்தே வருகின்றது. பாரநீர் இன்றிக் கப்பல் செல்லாது என்பதும் மேலே கூறினேன். விளையாட்டும் நன்றே. தமிழ்நாட்டின் கடலோரத்து இளைஞர் அலைச்சறுக்கில் ஓங்கி வருகின்றனர். 2025-ஆம் ஆண்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடைபெற்றது நமக்குப் பெருமை. கடல் தானே எழுப்பும் அலையிற் சறுக்குவார்க்கு ஒரு பலகை போதும். அலையைத் தாமே எழுப்புவார்க்கோ ஒரு கடமையும் சேர்கின்றது. அதுவே என் கருத்தின் சாரம்.

ஆதலின், மூத்த மாணவரின் வினாவுக்கு என் விடை இது. படகலைச் சறுக்கு ஆழமும் அகலமும் உள்ள நீரில், கரையினின்று விலகி, நெறியோடு நடத்தத்தக்க விளையாட்டு. எண்ணூர்க் கழியும் பழவேற்காட்டு ஏரியும் அதற்குரிய இடங்கள் அல்ல. பழவேற்காட்டு ஏரியின் பெரும்பகுதியில் ஓராள் ஆழமும் இல்லை. எட்டு மீட்டர் ஆழத்தை எட்டும் அலை அங்கே உழவுசாலாக மாறும். வேறிடத்தில் நடத்துவதாயினும், படகின் தொட்டிநீரை ஏற்றிய இடத்திலேயே இறைத்து, தொட்டியைக் கழுவி உலர்த்தாமல் மற்றொரு நீர்நிலைக்குக் கொண்டு செல்லலாகாது என்னும் விதியை முதல்நாளிலேயே வகுத்தல் வேண்டும். கேடு வந்தபின் விதி வகுப்பது, வெள்ளம் போனபின் அணை கட்டுவதை ஒக்கும்.

துறைமுகங்களை நோக்கியும் ஒரு வேண்டுகோள் உண்டு. கப்பல்களின் பாரநீர்ப் பதிவேடுகள் அதிகாரிகளின் அலமாரியோடு நின்றுவிடலாகாது. எந்நாட்டு நீர், எவ்வளவு, எந்நாளில், தூய்மை செய்யப்பட்டோ செய்யப்படாதோ இங்கே விடப்பட்டது என்பதைத் தமிழில் எழுதிக் கழியோர ஊர்களில் வெளியிடுதல் வேண்டும். மீனவர் கழியைத் தினமும் பார்ப்பவர். புதிய உயிரொன்று தோன்றின் முதலிற் காண்பவர் அவரே. காக்கா ஆழிக்குப் பெயரிட்டவரும் அவரே. அவர் கண்டதைக் கேட்டெழுதிக் கொள்ளும் ஓர் ஏற்பாடு இருக்குமாயின், அடுத்த விருந்தாளி பாய் விரிக்குமுன்னரே நாம் அறியலாம்.

நம் கல்லூரிக்கும் இதிற் பங்குண்டு. விலங்கியல் மாணவர் நுண்வலை கொண்டு ஆண்டுக்கு நான்கு பருவங்களிலும் கழிநீரை எடுத்து ஆராயலாம். பௌதிக மாணவர் அலையின் உயரத்தையும் கரையின் தேய்வையும் அளக்கலாம். வாணிகவியல் மாணவர் பாரநீர்க் கருவிக்கு ஆகும் செலவையும், ஒரு பருவத்து இறால் இழப்பையும் அருகருகே வைத்துக் கணக்கிடலாம். தமிழ் மாணவர் மூத்த மீனவரின் சொற்களை, அவை வழக்கொழியுமுன், எழுதி வைக்கலாம். பத்தாண்டுகள் விடாது செய்யின், இம்மலரின் பக்கங்களே எந்த மன்றத்திலும் காட்டத்தக்க ஓர் ஆவணமாகும். பழைய மாணவருள் துறைமுகத்திலும் கப்பலிலும் பணிபுரிவோர் இதற்கு வழிகாட்டுவாராக.

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. நல்ல இறால் விழும் இடங்களில் எவர் எந்நாளில் வலையிடுவது என்பதை அவர்கள் முறைவைத்துப் பகிர்ந்து கொள்வர். வலியவரும் எளியவரும் தத்தம் முறைக்குக் காத்திருப்பர். நீர் எவர்க்கும் தனியுடைமையன்று. ஒருவர் எடுப்பது மற்றவர் முறையைக் கெடுத்தலாகாது என்பதே அதன் கருத்து. பல்கலைக்கழகம் அறியாத அம்மக்கள் கண்ட அறம் இது. பல்லாயிரம் டன் நீரைத் தூக்கிச் செல்லும் கப்பலுக்கும், ஓரிரு டன் நீரை நிரப்பி அலையெழுப்பும் படகுக்கும் இவ்வறத்தினும் சிறந்த விதி வேண்டுவதில்லை.

அன்று எம்முடன் நடந்த மூத்த மாணவர் இவற்றையெல்லாம் கேட்டபின், தம் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, இளையவரை நோக்கி, “தம்பி, உன் மாமாவை வந்து பார்க்கலாமா?” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கழிக்குச் சென்று, ஒரு சிறு புட்டியில் அச்சிப்பிகளை எடுத்து வந்து நம் விலங்கியல் பகுதியிற் கொடுத்தனர். படகைச் செம்மையாகச் செலுத்துவோர் ஒருகால் ஒன்றையே மாற்றிப் பார்ப்பர் என்றேன். நாமும் அங்ஙனமே தொடங்குவோம்; முதற்கண் நம் கண்களை நிறுத்தியிருக்கும் இடத்தை மாற்றுவோம். படகின்மேல் நின்று அலையைப் பார்த்தது போதும். கரையின்மேல் நின்று அதனைப் பார்ப்போமாக.